நிசாசரனின் கதவு

சுலோசனாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், பிறகுதான் வாய் திறக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில், அவள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பையன் கேட்ட முதல் கேள்விக்கே இரண்டு காதும் தோசைக்கல்லாகிவிட்டன.

"அந்தக் கதவை எங்க வச்சு ரெக்கார்ட் பண்ணுனாங்க, அக்கா?"

"எந்தக் கதவு?"

"நிசாசரன் தீம்ல வருமேங்க்கா. ரெண்டு நோட்டுக்கு நடுவுல. கிரீச்னு."

பையன் பெயர் முகுந்த். கோயம்புத்தூர்க்காரன், செக்டர் ஃபைவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை, கல்கத்தா வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. 'நிசாசரன்' படத்தை தியேட்டரில் மட்டும் ஒன்பது தடவை பார்த்தவன். படம் முடிந்து பெயர்கள் உருளும்போது மற்றவர்கள் எல்லாரும் பார்க்கிங்குக்கு ஓட, இவன் உட்கார்ந்து வாசித்திருக்கிறான். தந்தி வாத்தியக்காரர்கள் நாற்பத்தோரு பேர், அதில் முப்பத்தெட்டு பேர் வங்காளிகள். நடுவில் 'செல்லோ: சுலோசனா பரமசிவம்' என்று ஒரு தமிழ்ப் பெயர். அதைப் பிடித்துக்கொண்டு நாலு பேரை விசாரித்து, ஹவுராவில் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு, லோக்கல் ரயிலில் வந்து இறங்கிவிட்டான்.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கப்பல் பட்டறை வெல்டர் ஒருவன், தீ விபத்தில் மகளைப் பறிகொடுத்து, வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு ஊரிலுள்ள அயோக்கியர்களை இருட்டில் தேடிப்போய் அடிக்கிறான். சூப்பர்ஹீரோதான், ஆனால் பறக்க மாட்டான், சிரிக்க மாட்டான், பாட்டுக் கிடையாது, முக்கால்வாசிப் படத்தில் விளக்கே கிடையாது. எந்தத் தைரியத்தில் எடுத்தார்களோ, ஓடியது. வங்காளியில் டப் செய்தும் ஓடியது. படத்தைவிட அதன் பின்னணி இசை அதிகமாக ஓடியது.

அதிலும் நிசாசரன் வரும்போதெல்லாம் வரும் அந்த இடம். இரண்டே நோட்டு, தனிச் செல்லோ. அடிக்குரலில் ஒரு நோட்டு வந்து தேய்ந்துகொண்டே போகும். கிரீச் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். பிறகு, வரவேண்டிய நேரம் தாண்டிப் போய், இனி வராது போலிருக்கிறது என்று நாம் நினைக்கும்போது, இரண்டாவது நோட்டு வந்து விழும். அதற்கப்புறம்தான் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் எழும்பும்.

அந்தக் கிரீச்சுக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'கதவு'. எரிகிற அறையின் கதவு என்று ஒரு கட்சி, பிணவறைக் கதவு என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் இணையத்தில் தினமும் அடிதடி. ஒரு பேட்டியில் இசையமைப்பாளரையே கேட்டுவிட்டார்கள். அவர் லேசாகச் சிரித்து, "அது ரகசியம்" என்றாராம். சிரிக்காமல் என்ன செய்வார், அவருக்கே தெரியாது.

சுலோசனாவுக்குத் தெரியும். அந்தக் கதவு அப்போது முகுந்துக்கு நாலடி தள்ளி ஜன்னலோரமாக நின்றது. அதன் முதுகில் அவள் கணவர் பரமசிவத்தின் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

கை வைக்காத பழைய மர நாற்காலி. செல்லோ வாசிப்பவர்களுக்கு நாற்காலி ஒரு பெரிய தொல்லை. கை இருந்தால் வில் இடிக்கும், சக்கரம் இருந்தால் வழுக்கும், குழிவிழுந்த மெத்தையில் உட்கார்ந்தால் முழங்கால் மேலே ஏறி வாத்தியம் சாய்ந்துவிடும். அதனால் சுலோசனா எங்கே வாசிக்கப் போனாலும் முதுகில் செல்லோ, கையில் நாற்காலி. அதன் பின்கால் ஒன்றில் மரை தேய்ந்த திருகாணி. உட்கார்ந்திருக்கும்வரை வாய் திறக்காது, எழுந்தால் மட்டும் கிரீச் என்னும். "சரி பண்ணித் தாரேன்" என்று பரமசிவம் பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எந்தக் கதவும் தெரியாது, தம்பி" என்றாள் சுலோசனா. "நான் அந்தப் படமே பாக்கலை."

முகுந்தின் முகம் போன போக்கைப் பார்த்து உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த பரமசிவத்துக்கே பாவமாக இருந்தது.

"பாக்கலையாங்க்கா? நீங்க வாசிச்ச படம்ங்க."

"வாசிச்சேன், வந்தேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்ன? இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த ஜூன் மாதப் பகலை அவள் யாரிடமும் சொன்னதில்லை, பரமசிவத்திடம்கூட.

சுலோசனா பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அப்பா திருநெல்வேலியிலிருந்து ரயில்வேக்கு வந்தவர். எட்டு வயதில் பாதிரியார்கள் நடத்திய ஓர் இசைப் பள்ளியில் செல்லோவைப் பிடித்தாள், நாற்பத்தொன்பது வயதுவரை விடவில்லை. ரயில்வேயில் அவளுக்கு வேலை கிடைத்ததே கலைஞர்களுக்கான ஒதுக்கீட்டில்தான். வருஷத்தில் பத்து நாள் போட்டிகளிலும் விழாக்களிலும் செல்லோ, மீதி நாள் முழுக்க யார்டு அலுவலகத்தில் வேகன் காகிதங்கள். ஆனால் காலை ஐந்திலிருந்து ஏழுவரை சாதகம், ஜுரம் வந்தாலும் சரி, பூஜை விடுமுறை என்றாலும் சரி.

அந்த ஜூன் மாதம் டோலிகஞ்சில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்தார்கள். சென்னையிலிருந்து இசையமைப்பாளரின் உதவியாளர் சாய் கிருஷ்ணா வந்திருந்தான். முப்பது வயசுக்குள் இருக்கும், கழுத்தில் விலையுயர்ந்த ஹெட்ஃபோன், வாயில் ஒரே ஒரு வார்த்தை.

"டார்க்கா வேணும், மேடம்."

"வில்லைத் தந்தி தாங்குற பிரிட்ஜ் பக்கத்துல வைக்கவா, மேல தள்ளி வைக்கவா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது மேடம். டார்க்கா வாசிங்க."

வாசித்தாள். இன்னும் டார்க்காக வேண்டுமாம். மறுபடியும் வாசித்தாள், இது ரொம்ப டார்க்காம். பன்னிரண்டு தடவை ஆனது. மற்ற நாற்பது பேரும் முடித்துவிட்டு டீக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் பெரிய கூடத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனில் டிக் டிக் என்று தாளம் ஓட, பதின்மூன்றாவது தடவையாக முதல் நோட்டை இழுத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவர்கள் இந்தப்பக்கம் பேச ஒரு ஸ்விட்ச் உண்டு. பேசி முடித்ததும் மூடிவிட வேண்டும். அன்று மூட மறந்துவிட்டார்கள். முதல் நோட்டு தேய்ந்துகொண்டிருக்கும்போது சாய் கிருஷ்ணாவின் குரல் அவள் காதுக்குள்ளேயே கேட்டது.

"இந்த ரயில்வே ஆன்ட்டிய வீட்டுக்கு அனுப்பிடலாம்பா. டைம்டேபிள் வாசிக்கிற மாதிரி வாசிக்குது. சென்னை போய் கம்ப்யூட்டர்லயே செல்லோ போட்டு ஒப்பேத்திக்கலாம்."

யாரோ சிரித்தார்கள்.

வாசிக்கிறாங்க இல்லை, வாசிக்குது. சுலோசனாவுக்குக் காது சுட்டது. கிட்டத்தட்ட நாற்பது வருஷ விடிகாலைகள். அவள் எழுந்தாள். செல்லோவின் கழுத்தைப் பிடித்தபடி பாதி எழுந்துவிட்டாள், நாற்காலி கிரீச் என்றது. இப்படியே போய்விடலாம், வாசல் பத்தடிதான். போனால் 'பார்த்தியா, கோபித்துக்கொண்டு போகுது' என்பான். அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவள் தொப்பென்று உட்கார்ந்து, வில்லைத் தந்தியில் வைத்து, ஒரு ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற ஆத்திரத்தோடு இரண்டாவது நோட்டை இழுத்தாள். தாளம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது. சுருதி ஒரு மயிரிழை கீழே. தந்தி மரத்தில் பட்டு உறுமியது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒருவன் எழுந்து நின்றான்.

"மேடம்" என்றான் சாய் கிருஷ்ணா. "இதேதான் மேடம். சூப்பர்."

அவள் செல்லோவை உறையில் போட்டுக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தாள். அந்தப் படம் வந்தது, போனது, பரிசு வாங்கியது. அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆனால் லோக்கல் ரயிலில் யாராவது ஒருவனுடைய ஃபோன் அந்த இரண்டு நோட்டில் அடிக்கும். அலுவலகத்தில் ப்யூன் ஃபோனில் அடிக்கும். காளிகாட் சந்தில் வளையல் வாங்கப் போனால் அங்கே ஒரு கடைக்காரன் ஃபோனில் அடிக்கும். அடிக்கும்போதெல்லாம் 'ரயில்வே ஆன்ட்டி' என்று அவளுக்கு மட்டும் கேட்கும்.

இப்போது இந்தப் பையன் சந்தேஷ் பெட்டியோடு வந்து, லாப்டாப்பைத் திறந்து, தான் செய்த இருபத்திரண்டு நிமிஷ வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தான். தீம் ஏன் மறக்க முடியாததாக இருக்கிறது என்று ஆராய்ச்சி. திரையில் அலை அலையாகக் கோடுகள்.

"பாருங்க்கா, ரெண்டாவது நோட்டு ரெண்டு செகண்டுக்கு மேல லேட். சுருதியும் வேணும்னே கீழ வச்சிருக்காங்க. எத்தனை பேரு உக்காந்து யோசிச்சிருப்பாங்க."

"யாரும் யோசிக்கலை" என்றாள் சுலோசனா. "அது தப்பு. வாசிச்சவளுக்குத் தாளமும் போச்சு, சுருதியும் போச்சு. அதைப் போயி கோடு போட்டு அளந்துட்டு இருக்க. முப்பது நாப்பது வருஷம் சரியா வாசிச்சதை எவனாவது அளந்தானா?"

முகுந்த் லாப்டாப்பை மெதுவாக மூடினான். அவனுக்கு இவள் ஏன் கோபப்படுகிறாள் என்று புரியவில்லை. ஆனால் ரோஷக்காரன், எழுந்து போகவில்லை.

"கோடெல்லாம் வீடியோவுக்குங்க்கா. எனக்கு அது வேற." காபி டம்ளரைக் கீழே வைத்தான். "போன வருஷம் எங்க மேனேஜர் இருபது பேரு முன்னால என்னை ஒரு வார்த்தை சொல்லிட்டாருங்க. என்ன வார்த்தைன்னு வேண்டாம். ரெசிக்னேஷன் டைப் பண்ணி வச்சுட்டு மெட்ரோல போறேன், காதுல இது ஓடுது. அந்த மொத நோட்டு முடியறப்ப, எந்திரிச்சுப் போயர்லாம்னு இருக்குங்க. நெசமாவே இருக்கும். அப்பறம் அந்த ரெண்டாவது வருமில்லீங்க, அது வந்ததும், போகக்கூடாது, உக்காந்து பாத்தர்லாம்னு ஆயிருது. அது ஏன்னு எனக்குத் தெரியலைங்க. அதுக்குத்தான் கோடு போட்டுப் பாத்தேன்."

ஒரு வார்த்தை தெரியாமல், ஒருவரும் சொல்லாமல், இவன் அந்தப் பகலை அப்படியே எடுத்து மேஜையில் வைத்துவிட்டான். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை, இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தது. அவமானம் என்னுடையது, அதை ஊரே காதில் மாட்டிக்கொண்டு தைரியம் தேடுகிறதா?

"சாப்பிட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து அழைப்பு வந்தது. 'நிசாசரன்' இசையை மேடையில் நேரடியாக வாசிக்கும் நிகழ்ச்சி, தென் கல்கத்தாவில் ஒரு பெரிய அரங்கில், ஞாயிறு மாலை நாலு மணிக்கு. டிக்கெட் வைத்த அன்றே தீர்ந்துவிட்டது. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவன் சாய் கிருஷ்ணா, இப்போது அவன் உதவியாளன் இல்லை, பெரிய ஆள். அந்தத் தனிச் செல்லோவை முதலில் வாசித்தவரே வாசிக்க வேண்டும் என்று ரசிகர்கள் நச்சரித்திருக்கிறார்கள். நச்சரித்தவர்களில் முதல் ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

"போகப் போறியா?" என்றார் பரமசிவம்.

"போறேன். அவன் மூஞ்சிக்கு நேரா உக்காந்து, அதை நானா வாசிச்சுக் காட்டணும். ஆத்திரத்துல கைதவறி வந்தது இல்லை, என் கையால வந்ததுன்னு காட்டணும்."

சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஒத்திகை. அரங்கத்து நாற்காலிகள் வெல்வெட் மெத்தை வைத்தவை, அவளுக்கு ஆகாது. தன் மர நாற்காலியை மேடையில் போட்டு உட்கார்ந்தாள். சாய் கிருஷ்ணா கையெடுத்துக் கும்பிட்டான்.

"மேடம், உங்களால்தான் மேடம் இதெல்லாம். அப்படியே வாசிச்சுருங்க, ரெக்கார்டுல இருக்கற மாதிரி."

அவனுக்கு எதுவுமே நினைவில்லை என்பது அந்தக் கும்பிடிலேயே தெரிந்தது. சொன்னவனுக்கு மறந்துவிடும், அதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

வாசித்தாள். மூன்று மாதமாக விடிகாலையில் அதைத்தான் சாதகம் செய்திருந்தாள். ஆழமான, முழுசான, சுருதி சுத்தமான இரண்டு நோட்டு. வயலின்காரர்கள் தலையை ஆட்டினார்கள். சாய் கிருஷ்ணா ஆட்டவில்லை.

"ரொம்ப நீட்டா இருக்கு மேடம். லேட்டா வரணும்."

லேட்டாக வந்தாள்.

"இப்ப வேணும்னே லேட்டா வர்ற மாதிரி இருக்கு."

எட்டு தடவை ஆனது. ஒன்பதாவது தடவை அவன் கையைக் காட்டி நிறுத்தி, சுற்றிலும் பார்த்துப் பெரிய மனசோடு சிரித்தான். "ஒண்ணும் பிரச்சினை இல்லை மேடம். டென்ஷன் ஆகாதீங்க. அந்த இடத்துல மட்டும் ஒரிஜினல் ரெக்கார்டை ஓட விட்டுடுவோம். கதவுச் சத்தமும் அதுலயே வந்துரும். நீங்க சும்மா கையை மட்டும் ஆட்டினாப் போதும். வில்லுக்கு சோப்புப் போட்டுடுங்க, சத்தம் வராது."

ஐம்பது பேர் முன்னால். சுலோசனாவின் காது மட்டுமா, கழுத்துவரை எரிந்தது. தன் ஆத்திரத்துக்குத் தானே வாயசைக்க வேண்டுமாம். வில்லுக்கு சோப்பு போட வேண்டுமாம். அவள் வாயைத் திறப்பதற்குள் டீ இடைவேளை சொல்லிவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் தபன் தா வந்தார். வங்காளியில் 'தா' என்றால் அண்ணன், 'தி' என்றால் அக்கா. சவுண்ட் எஞ்சினியர், டோலிகஞ்சில் அன்று பதிவு செய்தவரும் அவர்தான். மண் கோப்பையில் டீயை அவளிடம் நீட்டிவிட்டு, அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வங்காளியில் மெதுவாகச் சொன்னார்.

"சுலோசனா தி, அன்றைக்கு அந்த ஸ்விட்சை மூட மறந்தது நான்தான். உனக்குக் கேட்டது என்று உன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். கிரீச் சத்தத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். எடுக்க மனசு வரவில்லை."

"இதைச் சொல்ல ரெண்டு வருஷம் ஆச்சா, தபன் தா?"

"நாளைக்கு அந்தப் பதிவை ஓட விடப்போவது என் கைதான். சொல்லாமல் செய்ய முடியவில்லை."

அவளுக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. டீ கோப்பையைக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள், அது உடைந்தது. "அன்னைக்கும் ஸ்விட்ச் உங்க கையில இருந்தது. நாளைக்கும் உங்க கையிலதான் இருக்கு" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பரமசிவத்திடம் முதல் முறையாக எல்லாவற்றையும் கொட்டினாள், டோலிகஞ்சில் ஆரம்பித்து சோப்பு வரை. பரமசிவம் சரக்கு ரயில் கார்டு. சண்டை என்றால் ரெண்டு பெட்டி தள்ளி நிற்கிற மனுஷர்.

"ஒரு நாள்தானே. கையை ஆட்டிட்டு வந்துரு. நான் முப்பது வருஷமா கொடிதான் ஆட்டுதேன், எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"உங்க கொடியைப் பாத்து ரயில் போகுதுல்லா. என் கையைப் பாத்து என்ன போகுது?"

பரமசிவம் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நாற்காலிப் பக்கம் போனார். ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் அவர் போவது அங்கேதான்.

"அதைத் தொடாதீங்க" என்றாள் சுலோசனா. அவர் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டார்.

ஞாயிறு நாலு மணி. அரங்கம் நிரம்பி வழிந்தது. பாதிக்கு மேல் கருப்புச் சட்டைகள், நாலைந்து பேர் வெல்டிங் முகமூடியோடு. தமிழும் வங்காளியும் ஆங்கிலமும் கலந்த கூச்சல். மூன்றாவது வரிசையில் முகுந்த். முதல் ஐந்து உருப்படிகள் முடிந்தன. கடைசியாக நிசாசரன் தீம், அதில் அந்த இரண்டு நோட்டு மூன்று முறை வரும். மேடையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு சுலோசனாமேல் மட்டும் ஒரு வெளிச்சம் போட்டார்கள்.

காதில் டிக் டிக் என்று ஓடியது. சாய் கிருஷ்ணா அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

சுலோசனா வில்லை எடுத்து மடியில் குறுக்கே வைத்தாள். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில் முதல் நோட்டு வந்தது. தேய்ந்தது. கிரீச் என்றது. இரண்டாவது நோட்டு வந்து உறுமியது. அத்தனை வெளிச்சத்தில் அவள் கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ வங்காளியில், "வாசிக்கவே இல்லையே" என்றார்கள். சலசலப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. சாய் கிருஷ்ணாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. கை தாளத்தைப் போட்டுக்கொண்டே இருக்க, உதடு மட்டும் அசைந்தது, "வாசிங்க மேடம், ப்ளீஸ்." சுலோசனா அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். ரயில்வே ஆன்ட்டி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்று இப்போதாவது உனக்குத் தெரியுமா? தெரிந்த மாதிரி இல்லை. தெரியாவிட்டால் போகட்டும், அவனுக்குப் பாடம் எடுக்க அவள் இங்கே வரவில்லை.

ஆர்க்கெஸ்ட்ரா எழும்பி, அடங்கி, இரண்டாவது முறையாக அந்த இடத்துக்கு வந்தது. மற்ற வாத்தியங்கள் நின்றன.

ஒலிபெருக்கியிலிருந்து எதுவும் வரவில்லை.

அரங்கத்தின் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் தபன் தா இரண்டு கையையும் மேஜையிலிருந்து எடுத்து உயரத் தூக்கிக் காட்டினார். காதில் தாளமும் நின்றுபோயிருந்தது.

சுலோசனா அவசரப்படவில்லை. வில்லை எடுத்தாள், முதல் நோட்டை இழுத்தாள். அதைத் தேய விட்டாள், தேய்ந்து அடங்கிப் போக விட்டாள். சாய் கிருஷ்ணாவின் கை இரண்டாவது நோட்டுக்காக இறங்கியது, அவள் வரவில்லை. திரும்பவும் இறங்கியது, அப்போதும் வரவில்லை. அவன் கையைக் கீழே போட்டுவிட்டான். இவளாக எப்போது வருகிறாளோ அப்போது வரட்டும் என்று ஐம்பது வாத்தியக்காரர்களும் அவளையே பார்த்தார்கள். கோபம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அது கையைப் பிடித்துத் தள்ளவில்லை, அவள்தான் அதைப் பிடித்திருந்தாள். போதும் என்று அவளுக்குத் தோன்றியபோது, நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தபடி, இரண்டாவது நோட்டை வாசித்தாள். சுருதி சுத்தம். தந்தி மரத்தில் படவில்லை. அரங்கத்தின் கடைசி வரிசைவரை போயிற்று.

மூன்றாவது முறையும் அப்படியே வாசித்தாள்.

நிகழ்ச்சி முடிந்து கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. எல்லோரும் தட்டவில்லை. இது படத்தில் வருவது இல்லை என்று சில கருப்புச் சட்டைகள் முணுமுணுத்துக்கொண்டு போயின. மேடைக்குப் பின்னால் சாய் கிருஷ்ணா, "இப்படிப் பண்ணிட்டீங்களே மேடம், முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றான்.

"முன்னாடி நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன்" என்றாள் சுலோசனா. "டோலிகஞ்சுல. ஸ்விட்ச் திறந்து கிடந்தது. யோசிச்சுப் பாருங்க, ஞாபகம் வரும்."

அவன் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டுச் செல்லோவை முதுகில் மாட்டினாள். வாசலில் முகுந்த் நின்றிருந்தான், கண் சிவந்திருந்தது. கேட்காமலேயே நாற்காலியை வாங்கிக்கொண்டான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. டாக்ஸிக்காக நடைபாதையில் நிற்கும்போது அவன் கேட்டான்.

"எல்லாம் சரிங்க்கா. இன்னிக்கு நீங்க வாசிச்சப்ப, அந்தக் கதவுச் சத்தம் மட்டும் வரவேயில்லைங்களே?"

சுலோசனா அவன் கையிலிருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"இன்னைக்கு யாரும் எந்திரிச்சு வெளியே போகலை, தம்பி. அதான் வரலை."